ஏழு நாற்பது லேடீஸ் பெட்டி

ஜனவரி 18, 2024. வியாழன்

பொங்கலுக்கு வந்த மகனும் மருமகளும் காலையில் ஓசூருக்குக் கிளம்பிவிட்டார்கள். கரும்புச் சக்கையை வாரிக் கொட்டவே மதியம் ஆயிற்று. முழங்கால் வலி. தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கிரேஸ் போன் செய்தாள்.

"அமிர்தா, நம்ம லேடீஸ் பெட்டிக்காரங்க எல்லாரையும் ஒரு நாள் கூட்டணும்டி. இருக்கிறப்பவே பார்த்துக்கணும். அப்புறம் போட்டோவுக்கு மாலை போடத்தான் போவோம்."

கிரேஸ் சுகந்தி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் பேசிப் பேசி, போனிலும் கத்தித்தான் பேசுவாள். செங்கல்பட்டிலிருந்து பீச் வரை போகும் ஏழு நாற்பது மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், பதிமூன்று வருஷம் ஒன்றாகப் போய் வந்தவர்கள் நாங்கள். எல்லோர் பெயரையும் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதானே தினம் டைரி எழுதறவ" என்கிறாள். மார்ச் மூன்று, ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் அவள் ஓய்வுக்குப் பிறகு கட்டிய வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டு.

சரி என்றேன். வெகு நாளைக்குப் பிறகு மனசு துள்ளுகிறது.

ஜனவரி 21. ஞாயிறு

பட்டியல் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி நேரம் ஓடிப்போகிறது.

விமலாதேவி, வங்கி. சிங்கப்பெருமாள்கோவிலில் ஏறுவாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் கொண்டுவரும் புளியோதரைக்குப் பெட்டியே காத்திருக்கும். நூர்ஜஹான், டெலிபோன் ஆபரேட்டர். அவளுக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது பெட்டியிலேயே வளையல் அடுக்கினோம். வண்டலூரில் ஆரம்பித்து மீனம்பாக்கத்தில் முடித்தோம். பல்லாவரத்தில் ஏறிய கல்லூரிப் பெண்கள் எதுவும் புரியாமல் கையை நீட்டி, அவர்களும் ஆளுக்கு நாலு வளையல் போட்டுக்கொண்டார்கள்.

மாலை வண்டியில் கொத்தவரங்காய் ஆய்வோம். யார் வீட்டுக் காய் என்று கிடையாது. மடியில் முறத்துக்குப் பதில் செய்தித்தாள். பரங்கிமலையில் தொடங்கினால் பெருங்களத்தூரில் எல்லா வீட்டுக் காயும் தயார். ஆயுதபூஜைக்கு வாசல் கம்பிகளில் வாழைக்கன்று கட்டி, பெட்டிக்கே பொட்டு வைத்திருக்கிறோம். யாருக்காவது காய்ச்சல் என்றால் அலுவலகத்துக்குத் தகவல் சொல்வது முதல் அவள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது வரை யாராவது ஒருத்தி பார்த்துக்கொள்வாள். சொந்த அக்கா தங்கைகூட அப்படி இருக்கமாட்டார்கள். இதை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்!

மொத்தம் இருபத்து மூன்று பெயர். கிரேஸிடம் படித்துக் காட்டினேன்.

"இருபத்து நாலு இல்லையா?" என்றாள்.

"இருபத்து மூணுதான்."

"ம்" என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

ஜனவரி 24. புதன்

மோட்டார் ஓடவில்லை. இரண்டு குடம் கீழிருந்து தூக்கியதில் முழங்கால் வீங்கிவிட்டது.

ஜனவரி 29. திங்கள்

வாட்ஸாப்பில் குழு தொடங்கியாயிற்று. காலையிலிருந்து டிங் டிங் என்று ஒரே சத்தம். பேரன் பேத்திகள் படம், மூட்டு வலிக்கு முடக்கத்தான் தோசை, இன்னும் என்னென்னவோ.

கிரேஸ் பழைய படம் ஒன்று போட்டாள். நூர்ஜஹான் வளையல் அடுக்கிய அன்று எடுத்தது. எல்லோரும் எவ்வளவு ஒல்லியாக இருக்கிறோம்! என் தலையில் அவ்வளவு முடி இருந்ததா? பிந்திய வருஷங்களில் எங்களோடு சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்: "ஜன்னல் ஓரம் சந்தனக் கிண்ணத்தோட சிரிச்சிட்டிருக்கிறது யாரு? ரொம்ப அழகா இருக்காங்களே."

மாலை நான்கு மணிக்குள் எல்லோரும் அதைப் படித்துவிட்டார்கள். எட்டு மணி வரை யாரும் பதில் போடவில்லை. நானும் போடவில்லை. அப்புறம் விமலா சிவராத்திரிக்கு எந்தக் கோயில் விசேஷம் என்று ஒரு நீளமான செய்தி அனுப்பினாள். படம் மேலே போய்விட்டது.

பிப்ரவரி 2. வெள்ளி

படத்தில் சந்தனக் கிண்ணத்தோடு சிரிக்கும் அந்தப் பெண்ணின் பெயர் செண்பகம். எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

கூடுவாஞ்சேரியில் ஏறுவாள். ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டெனோ. எங்கள் எல்லோரையும் விடச் சின்னவள். நன்றாகப் பாடுவாள், கூச்சமில்லாமல். சிக்னலில் வண்டி நின்றுவிட்டால் "செண்பகம், ஒண்ணு எடுத்து விடு" என்போம். கல்யாணமான பிறகு பாட்டு குறைந்தது. ஒருநாள் கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் வந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். இரண்டு மாதத்தில் மூன்று முறை வழுக்கி விழுந்தாள். விமலா அவளுக்கு ரப்பர் மிதியடி ஒன்று வாங்கிக் கொடுத்தாள்.

தொண்ணூற்று மூன்றில் திடீரென்று வருவது நின்றுபோயிற்று. வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள். புருஷன் ஸ்டேஷனுக்கே வந்து ஏதோ தகராறு செய்தான் என்றும் பேச்சு. அன்றைக்கு நான் விடுப்பில் இருந்தேன்.

பிப்ரவரி 3. சனி

செண்பகத்தையும் கூப்பிடவேண்டும் என்று கிரேஸிடம் சொன்னேன். நம்பர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

"அவ நம்பர் யார்கிட்ட இருக்கும்? எனக்கு அந்த விவரமே சரியாத் தெரியாதுடி. அன்னைக்கு நான் லீவு."

கோயம்புத்தூரில் மகள் வீட்டிலிருக்கும் விமலாவுக்குப் போட்டேன். "அன்னைக்கு நான் அடுத்த வண்டில வந்தேன் அமிர்தா. சிலிண்டர்காரன் லேட் பண்ணிட்டான்" என்றாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் சிலிண்டர்காரன் தாமதமாக வந்தது அவளுக்கு நினைவிருக்கிறது.

இன்னும் நாலு பேரிடம் பேசினேன். ஒருத்தி மாமியார் ஊருக்குப் போயிருந்தாள். ஒருத்திக்குக் கண்வலி. ஒருத்தி அந்த வருஷமே மாற்றலாகிவிட்டதாகச் சொன்னாள். இல்லை, மறு வருஷம்தான், நாங்கள்தான் வழியனுப்பு விழா நடத்தினோம். நாலாவது ஆள், "பாவம், யாராவது இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம்" என்றாள்.

அன்று வண்டி காலியாகவா போயிற்று?

பிப்ரவரி 6. செவ்வாய்

நூர்ஜஹானை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

அவள் செங்கல்பட்டில் அதே பழைய வீட்டில்தான் இருக்கிறாள். விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு செண்பகத்தைப் பற்றிக் கேட்டேன்.

"நம்பர் என்கிட்ட இருக்கு அமிர்தாக்கா. எட்டு வருஷத்துக்கு முந்தி விழுப்புரத்துல ஒரு கல்யாணத்துல பார்த்தேன். அவளே வந்து கையைப் பிடிச்சா. நம்பர் வாங்கினேன். ஒரு தடவைகூடப் பண்ணலை. என்னன்னு பேசறது?"

"என்ன நடந்ததுன்னு உனக்குத் தெரியுமா நூரு? நான் அன்னைக்கு லீவு."

நூரு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, நீங்க வாசல்ல நின்னீங்க. கூட்டம்னு உங்க கைப்பையை நான்தான் மடியில வெச்சிருந்தேன். வண்டி கிளம்பினப்புறம் திரும்பி வந்து பையை வாங்கிக்கிட்டீங்க. உங்க கை ஜில்லுன்னு இருந்தது. நானும் இருந்தேன்க்கா. இல்லைன்னு சொல்லிப் பார்த்தேன், முடியலை."

அவள் வேறு ஏதோ நாளைச் சொல்கிறாள். அன்று எனக்குக் காய்ச்சல். பழைய நாட்குறிப்புகள் பரணில் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முழங்காலோடு ஏணியில் ஏற முடியாது.

பிப்ரவரி 7. புதன்

மோட்டார் மெக்கானிக் வந்தார். பரண் வரைக்கும் ஏறச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிப்ரவரி 9. வெள்ளி

நானே ஏறி எடுத்தேன். கறையான் ஓரத்தைத் தின்றிருந்தாலும் எழுத்து அழியவில்லை. அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"செப்டம்பர் 14, 1993. செவ்வாய். அவரைக்காய் அரைக் கிலோ. வண்டி ஐந்து நிமிடம் தாமதம். அலுவலகத்தில் நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். செண்பகம் வரவில்லை."

செண்பகம் வரவில்லை. என் கையெழுத்துதான். அலுவலகத்தில் கோப்புக்குக் குறிப்பு எழுதுவதுபோல் எழுதியிருக்கிறேன்.

இனி எழுதவேண்டியதுதான்.

வண்டி கூடுவாஞ்சேரிக்குள் நுழையும்போதே அவளைப் பார்த்துவிட்டோம். காலில் செருப்பில்லை. கைப்பை இல்லை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. பிளாட்பாரத்தில் வெறுங்காலோடு ஓடி வந்தாள். பின்னாலேயே அவன். வண்டி நின்றது. வாசலில் நின்றிருந்த எனக்கு நேர் எதிரே வந்து கம்பியை ஒரு கையால் பிடித்துவிட்டாள். அவன் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். கன்னத்தில் அறைந்தான். மறுபடியும் அறைந்தான். அவள் "அக்கா!" என்று கத்தினாள்.

என் கை நீட்டினால் அவளைத் தொடும் தூரம்.

பெட்டியில் முப்பது பேராவது இருந்திருப்போம். அவன் ஒற்றை ஆள். ஒல்லியான ஆள். நான் திரும்பி கிரேஸைப் பார்த்தேன். கிரேஸ் விமலாவைப் பார்த்தாள். விமலா என்னைப் பார்த்தாள். எல்லோர் முகமும் வழக்கம்போலத்தான் இருந்தது. இவர்களே சும்மா இருக்கிறார்கள், அப்படியானால் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை போலிருக்கிறது என்று தோன்றியது. என் முகத்தைப் பார்த்தவர்களுக்கும் அதேதான் தோன்றியிருக்கும். "புருஷன் பொண்டாட்டி விஷயம்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இறங்கினால் வண்டி போய்விடும், மூன்று நாள் தாமதமானால் ஒரு விடுப்பு போகும் என்பதும் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். அபாயச் சங்கிலி என் தலைக்கு மேலேதான் இருந்தது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவள் விரல்கள் கம்பியிலிருந்து விட்டுப்போயின.

ஊரப்பாக்கம் வரை யாரும் பேசவில்லை. வண்டலூரில் யாரோ டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். ஒரு வாரம் அவள் உட்காரும் ஜன்னலோர இடத்தைக் காலியாக விட்டுவைத்தோம். அப்புறம் யாரோ பையை வைத்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று தினம் ஒருத்தி சொல்வாள். ஆமாம் என்று மற்றவர்கள் சொல்வோம்.

அவள் "அக்கா" என்று மட்டும்தான் கத்தினாள். எந்த அக்கா என்று சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் எல்லோருமே அவளுக்கு அக்காதான். விடுப்பு என்ற பொய் அப்புறம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் என்னைத் தூங்கவைத்தது இந்தச் சமாதானம்தான்.

பிப்ரவரி 11. ஞாயிறு

செண்பகத்துக்குப் போன் செய்தேன். பெயரைச் சொன்னேன். "நேர்ல வாங்களேன். சனிக்கிழமை மதியம் எனக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும்" என்றாள். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. வேறு எதுவும் பேசவில்லை.

பிப்ரவரி 17. சனி

நூர்ஜஹானும் நானும் காலை பாசஞ்சரில் விழுப்புரம் போய் வந்தோம். நான் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வைத்திருந்தேன். பத்துத் தடவையாவது அந்தப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து மறுபடியும் உள்ளே வைத்திருப்பேன்.

ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்கு மேற்பார்வை பார்க்கிறாள் செண்பகம். இருநூறு பிள்ளைகளுக்குச் சமையல். நாங்கள் போனபோது சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். உடம்பு கனத்துவிட்டது. தலை முழுக்க நரை. மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்குகிறது. திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு பிள்ளைகளாக உட்காரவைத்து, சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு பொரியல் அவளே பரிமாறினாள். நூரு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். "சாப்பிடுறப்ப அழக்கூடாது நூருக்கா" என்று அப்பளத்தை உடைத்து வைத்தாள்.

பிறகு ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். அவளே ஒவ்வொருவராக விசாரித்தாள். "கிரேஸக்கா இன்னும் கத்தித்தான் பேசறாங்களா? விமலாக்கா புளியோதரை மாதிரி நானும் இங்க பண்ணிப் பார்க்கிறேன், அந்தக் கைமணம் வரமாட்டேங்குது. அந்த நாலு வருஷம்தான் நான் நல்லாச் சிரிச்சேன். வீட்டுல இருந்து வண்டி, வண்டியில இருந்து வீடு. நடுவுல அந்த ஒண்ணரை மணி நேரம்."

அவளும் எங்களைப் போலவே அந்தப் பெட்டியை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கிறாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"செண்பகம், அன்னைக்கு நான் வாசல்ல நின்னேன்" என்றேன்.

"தெரியும். பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்." மூட்டையிலிருந்து ஒரு அரிசியை எடுத்து விரலில் உருட்டினாள். "காலையிலேயே ஆரம்பிச்சிட்டான். இன்னைக்கு விட்டா கொன்னுடுவான்னு தெரிஞ்சுது. கதவு திறந்திருந்தது, ஓடிட்டேன். பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கலாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருக்கலாம். மணி எட்டாச்சே, வண்டி வர்ற நேரமாச்சேன்னுதான் ஸ்டேஷனுக்கு ஓடியாந்தேன். நீங்க எல்லாரும் இருப்பீங்கல்ல."

நூரு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வண்டி போயிடுச்சு. பிளாட்பாரத்துல யாரும் இல்லை. வெள்ளரிப்பிஞ்சு விக்கிற ஒரு அம்மா மட்டும். கூடையை இறக்கி வெச்சிட்டு நேரா வந்து அவன் கையைப் பிடிச்சாங்க. 'விடுடா முடியை'ன்னாங்க. விட்டுட்டான்! அவ்வளவுதான்க்கா. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவங்க வீட்டுல நாலு நாள் வெச்சிருந்து, இங்க எங்க சித்தி வீட்டுக்கு அவங்களே பஸ் ஏத்தி விட்டாங்க. எனக்கு அவங்களை முன்னப்பின்ன தெரியாது. ஏன் வந்தீங்கன்னு கேட்டேன். 'நான் ஒருத்திதானே அங்க இருந்தேன், வேற யாரு வருவா'ன்னாங்க."

வெளியே பிள்ளைகள் தட்டு கழுவும் சத்தம் கேட்டது. நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் சொன்னேன். "நீ அக்கான்னு கூப்பிட்டே. எல்லாரையும் அப்படித்தானே கூப்பிடுவே. யாரைன்னு தெரியலைம்மா."

செண்பகம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரையும் பேரைச் சேர்த்துத்தான்க்கா கூப்பிடுவேன். கிரேஸக்கா. விமலாக்கா. முத நாள் நான் வண்டியில ஏறினப்ப யார் பேரும் தெரியாது. நீங்கதான் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தீங்க. அப்பவே அக்கான்னு ஒட்டிக்கிச்சு. உங்களை மட்டும்தான் வெறும் அக்கான்னு கூப்பிடுவேன்."

மன்னித்துக்கொள் என்று கேட்டேன். 'அதெல்லாம் விடுங்கக்கா' என்று அவள் சொல்லவில்லை. "சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். ஞாயித்துக்கிழமை இங்க பிரியாணி, நான் இல்லைன்னா கெடுத்துடுவாங்க. ஆனா என்னைப் பத்திப் பேச்சு வந்தா, வேலையை விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லாதீங்க. நடந்ததைச் சொல்லுங்க" என்றாள்.

கிளம்பும்போது கேட் வரை வந்தாள். மைசூர்பாகைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டாளாம். ஆளுக்கு ஒரு விள்ளல்கூட வந்திருக்காது.

பிப்ரவரி 18. ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. நாள் முழுக்கப் படுத்திருந்தேன்.

மார்ச் 3. ஞாயிறு

பதினேழு பேர் வந்தார்கள். கிரேஸ் வீட்டு மாடியில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ரோஸ் மில்க். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, நரையைப் பார்த்துச் சிரித்து, செத்துப்போன கணவர்களுக்குத் துக்கம் கேட்டு, ஒரே இரைச்சல். மைக் வேறு. விமலா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். புளியோதரைதான். முப்பது வருஷம் போனதே தெரியவில்லை. இன்று வேண்டாம், இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்களே என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டேயிருந்தது. அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கமானது.

சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்தேன். மைக் வேண்டாம் என்றேன்.

"செண்பகம் வேலையை விட்டுப் போகலை. அவ நம்ம வண்டியைப் பிடிக்கத்தான் ஓடி வந்தா. நான் வாசல்ல நின்னேன். என்னைத்தான் கூப்பிட்டா. நான் இறங்கலை" என்று ஆரம்பித்து, வெள்ளரிப்பிஞ்சுக்கார அம்மா வரை சொல்லி முடித்தேன்.

பதினேழு பேரும் அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எதுக்கு அமிர்தா இதெல்லாம்?" என்றாள் விமலா. "நான்தான் சொன்னேனே, நான் அடுத்த வண்டியில..."

"நான் லீவு இல்லை." கிரேஸின் குரல். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "விமலா பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியா எல்லாம் தெரிஞ்சுது. அமிர்தா எங்களைத் திரும்பிப் பார்த்தா. நான் தலையை ஆட்டியிருந்தாக்கூட அவ இறங்கியிருப்பா."

அதன் பிறகு யாரும் 'அன்னைக்கு நான் லீவு' என்று சொல்லவில்லை. நூர்ஜஹான் எழுந்து செண்பகத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வேண்டாம், ஒவ்வொருத்தராகப் பேசுங்கள் என்றாள். போன் கை மாறிப் போயிற்று. கிரேஸ், "நான் கிரேஸ் பேசறேன்" என்றாள். மாமியார் ஊருக்குப் போனவள் பேசினாள். கண்வலிக்காரி பேசினாள். மூன்று பேர் வாங்காமலே அடுத்த கைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருத்தி சாப்பிடாமலே ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

கடைசியில் போன் விமலாவிடம் போய் நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். நாங்கள் இலை போட்டோம். பரிமாற ஆரம்பித்தோம். அவள் வரவில்லை. சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

அரை மணி கழித்து வந்தாள். போனை என் கையில் கொடுத்தாள். சுடச்சுட இருந்தது.

"என்ன பேசினே?" என்றேன்.

"பேரைச் சொன்னேன். அப்புறம் எனக்கு ஒண்ணும் வரலை. அவளும் எதுவும் கேட்கலை. பின்னால பாத்திரம் உருட்டற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெச்சிடுவான்னு நினைச்சேன் அமிர்தா. இத்தனை நேரமும் அவ வைக்கலை."